பூண்டிச் சாலையில் விழுந்த அடி

கொடைக்கானல் கடைவீதியில் எனக்குக் குழாய்க் கடை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பைப், மருந்தடிக்கும் மெஷினுக்கு உதிரி சாமான், இதுதான் வியாபாரம். மேல்மலை விவசாயிகளுக்கு நான் ‘பைப்புக்கடை பாய்’. சர்க்கரை ஏறிப்போய் டாக்டர் திட்டிய பிறகு ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். கடை திறப்பதற்கு முன் பூண்டிச் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவது வழக்கமாயிற்று.

ஓரமாகப் போவதுதான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பிலேயே ஓட்டுவேன். ஆனால் நான் ஒதுங்க ஒதுங்க, பின்னால் வருகிறவர்கள் கிடைத்த இடத்தில் நுழைந்தார்கள். ஒரு வேனின் கண்ணாடி முழங்கையில் இடித்து ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. ஒரு ஜீப் என்னைச் சாக்கடையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது. சீசனில் இதெல்லாம் சகஜம் என்று துடைத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

அது மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் பள்ளம், அதற்கு முழங்கால் உயரத்தில் ஒரு தடுப்புச்சுவர். பின்னால் ஒரு வெள்ளைக் கார் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. முன்னால் வளைவு. எதிரே என்ன வருகிறது என்று எனக்கும் தெரியாது, காரோட்டிக்கும் தெரியாது. பொறுங்கள் என்று வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

கார் பொறுக்கவில்லை. என்னை ஒட்டி வந்தது. முன் சீட்டில் டிரைவருக்கு இடது புறம் இருந்த இளைஞன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினான்.

“கையக் காட்றியா? ஓரமாப் போடா டேய்!”

சொல்லிக்கொண்டே என் முதுகில் ஓங்கி அறைந்தான். ஹேண்டில் திரும்பிக்கொண்டது. முன்சக்கரம் சுவரில் மோதியது. நான் பறந்து போய்ச் சுவரின் மேல் வயிறு அழுந்த விழுந்தேன். தோளெலும்பு முறிந்த சத்தம் என் காதிலேயே கேட்டது. தலையும் நெஞ்சும் பள்ளத்தின் பக்கம் தொங்கின. கண்ணுக்கு நேர் கீழே தைலமரங்களின் உச்சி தெரிந்தது. ஒற்றைக் கையால் சுவரின் கல்லைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

கார் தப்பித்துப் போயிருக்கும். ஆனால் வளைவில் எதிர்ப்பக்கம் ஏறிவிட்டதால், ஊரிலிருந்து பூண்டிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டியோடு மூக்கோடு மூக்கு நின்றுவிட்டது. கேரட் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு வெறும் வண்டியில் திரும்புகிற நாலு பேர் அதில் இருந்தார்கள்.

“ஏலே, நம்ம பைப்புக்கடை பாயிலே! இடிச்சுத் தள்ளிட்டுப் போறாம்லே!”

இரண்டு பேர் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து ரோட்டுப் பக்கம் இழுத்துப் போட்டார்கள். வண்டியை ஓட்டிவந்தவர் பூண்டு விவசாயி, பல வருடமாக என் கடையில் சாமான் எடுக்கிறவர், ஆஜானுபாகு. அவர் நேராகக் காரிடம் போய், டிரைவரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டிருந்தார்.

“நான் இடிக்கல சார். சத்தியமா நான் இடிக்கல!”

அது உண்மை. முதல் அறையில் கண்ணாடி தெறித்து விழுந்து, யாருடைய காலிலோ நொறுங்கியது. தலையைப் பிடித்து பானெட்டில் மோதினார்கள். வெள்ளை பானெட்டில் மூக்கு ரத்தம் வழிய, அவர் ரோட்டில் சரிந்து விழுந்தார். பின் சீட்டிலிருந்து அவர் மனைவி இறங்கி அலறினாள். உள்ளே ஒரு சின்னப் பெண் ஜன்னல் கண்ணாடியைக் கையால் அடித்துக்கொண்டு “அப்பா, அப்பா” என்று கத்தினாள். என்னை அறைந்தவன் ஜன்னலை ஏற்றி, கதவைப் பூட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான்.

அடித்தது யாரென்று அந்த நாலு பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதற்குள் பூண்டுக்காரர் சுவரிலிருந்து பெயர்ந்த கல்லை இரண்டு கையாலும் தூக்கிவிட்டார். சொன்னால் அந்தக் கல் காரின் கண்ணாடியில் விழும். உள்ளே குழந்தை. சொல்லாவிட்டால் கீழே கிடக்கிற மனிதரின் தலையில் விழும்.

எழுந்து போய் அந்த மனிதரின் மேல் விழுந்தேன். யாரோ விட்ட உதை என் இடுப்பில் இறங்கியது.

“விலகுங்க பாய்!”

“போடறதுன்னா என் மேல போடுங்க! இவரைக் கொன்னுட்டு நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா, காட்டுல கெடக்குற பூண்ட யாரு பிடுங்குவா?”

அவருக்கு மூச்சு இரைத்தது. கையிலிருந்த கல்லைக் காரின் ஹெட்லைட்டின் மேல் வீசினார். அது நொறுங்கியதும் அத்தனை பேரும் சட்டென்று அடங்கிப்போனார்கள்.

“வெரசா ஏத்துங்கலே ரெண்டு பேரையும்” என்று அவரே சொன்னார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் மூக்கில் பஞ்சு, என் கை கழுத்தில் கட்டிய தூளியில்.

“அடிச்சது என் மச்சினன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?”

“தெரியும்.”

“அங்கயே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா அவரையும் சேர்த்து அடிச்சிருப்பாங்க. உங்களையும் விட்டிருக்க மாட்டாங்க. உள்ள பாப்பா இருந்துச்சு.”

அவர் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார்.

போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மச்சினன், தன் கை என் மேல் படவே இல்லை என்று சாதித்தான். அவன் அக்கா எழுந்து வந்து, எல்லோர் முன்னாலும் அவன் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். “அவர் அங்க அடி வாங்குறார், நீ கதவைப் பூட்டிட்டு உக்காந்திருக்கியாடா?” ஏட்டம்மா அவளை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. டிரைவர், தன்னை அடித்தவர்கள் மேல் புகார் எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டார்.

பூண்டுக்காரர் சில நாள் கழித்துக் கடைக்கு வந்தார். எதுவும் வாங்கவில்லை.

“ஆள் மாறி அடிச்சுப்புட்டேன் பாய். தூக்கமே வரல” என்றார்.

“சரியான ஆளா இருந்தா அடிச்சிருக்கலாமா?” என்று கேட்டேன். அவர் கடைப் படியிறங்கிப் போய்விட்டார்.

எலும்பு கூடியது, கொஞ்சம் கோணலாக. மழைக்காலம் முடிந்ததும் மறுபடி சைக்கிளை எடுத்தேன். வீட்டில் சண்டை. இப்போது சைக்கிளில் பின்னால் பார்க்கும் கண்ணாடி பொருத்தியிருக்கிறேன், பளிச்சென்ற மஞ்சள் சட்டை போடுகிறேன். முக்கியமாக, வளைவில் ஓரத்துக்குப் போவதில்லை. ரோட்டில் என் பக்கத்துப் பாதியின் நடுவில் ஓட்டுகிறேன். பின்னால் இருப்பவர் என்னைத் தாண்ட வேண்டுமானால், எதிரே ரோடு தெரிகிறவரை காத்திருந்துதான் ஆக வேண்டும்.

ஹாரன் கேட்டால் முதுகு இன்னும் தானாக இறுகுகிறது. போன வாரம் ஒரு வேன் பின்னாலேயே உறுமிக்கொண்டு வந்தது. “ரோடு என்ன உங்கப்பன் வீட்டு ரோடா?” என்று ஒரு குரல். வளைவு முடிகிறவரை சைக்கிளை நடுவிலிருந்து நகர்த்தவில்லை. நேர்ச் சாலை தெரிந்ததும் இடது பக்கம் ஒதுங்கி, போங்கள் என்று கை காட்டினேன். வேன் என்னைத் தாண்டிப் போகும்போது ஜன்னல்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். யாரும் கையை வெளியே நீட்டவில்லை.