சொர்ணம்மாளின் மஞ்சள் காமாலை

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துச் சொர்ணம்மாளுக்கு நாள் தள்ளிப் போயிற்று. தாராவி வீட்டில் முதலில் சந்தோஷப்பட்டவள் மாமியார் ஆவுடையம்மாள். முதலில் உத்தரவு போட்டவளும் அவள்தான்.

“ஏளா, மூணு மாசம் முடியுமட்டும் ஒரு குஞ்சுக்கும் தெரியப்பிடாது. நீ வாயத் தொறந்து சொன்னியோ, கண்ணு பட்டுரும்.”

சொல்லிவிட்டு அவளே தெருக்குழாய்க்குப் போய், ஒவ்வொருத்தியையும் ஓரமாக இழுத்து, “உங்கிட்ட மட்டுந்தான் சொல்லுதேன்” என்று ஆரம்பித்தாள். இரண்டே நாளில் அந்தச் சந்து முழுவதும் ரகசியத்தைக் கட்டிக் காத்தது. நல்லவேளை, சொர்ணம்மாளோடு வேலை செய்கிறவர்கள் யாரும் அந்தச் சந்தில் குடியில்லை.

வேலை செம்பூரில், ஒரு மருந்துக் கம்பெனியில். இருமல் மருந்துப் பாட்டிலுக்குக் கோந்து தடவி லேபிள் ஒட்ட வேண்டும். நாலு வருடமாக ஒரு லேபிளும் கோணாமல் ஒட்டியவள்தான். இப்போது அந்தக் கோந்து வாடை மூக்கில் ஏறினாலே குடல் தொண்டைக்கு வந்தது. வீட்டிலும் நிம்மதியில்லை. புருஷன் கணேசபாண்டியனுக்குத் தோல் பட்டறையில் வேலை. அவன் குளித்துவிட்டு வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, இன்னொரு தரம் குளிக்க அனுப்பினாள். பாவம், அந்த மனுஷன் ஒரே வாரத்தில் இரண்டு சோப்பைக் கரைத்துவிட்டான்.

அவனுக்குப் பட்டறையில் பாதி நாள் வேலை இருக்காது. வீட்டு வாடகை சொர்ணம்மாள் சம்பளத்தில்தான் ஓடியது. அதனால்தான் அவளுக்குப் பயம். போன வருடம் கூட லேபிள் ஒட்டிய சீனியம்மாளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. அடுத்த வாரம் அவளைக் காணோம். வயிறு தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று பாக்கிங் அறையில் எல்லாரும் நம்பினார்கள்.

முதல் நாள் வாந்தி எடுத்தபோது பித்தம் என்றாள். இரண்டாம் நாள் பம்பாய்த் தண்ணீர் மேல் பழியைப் போட்டாள். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் சலாவுதீன் எதிரில் வந்து நின்றார். மேலப்பாளையத்துக்காரர், நல்ல மனுஷர், ஆனால் கேள்வி கேட்டால் விடமாட்டார்.

“என்னம்மா செய்யுது உனக்கு? நெசத்தைச் சொல்லு.”

கௌரவமான வியாதியாக ஒன்று சொல்லவேண்டுமே என்று சொர்ணம்மாள் தவித்தாள். காலையில் பூசிக் குளித்த மஞ்சள் கன்னத்தில் இருந்தது ஞாபகம் வந்தது.

“மஞ்சக் காமாலை, பாய்.”

அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவள் ஸ்டூலோடு நகர்ந்தாள். எதிரில் இருந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். சலாவுதீனே நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

“மருந்து அடைக்கிற எடத்துல காமாலையா! ஆபீசுக்குப் போ. குணமாச்சுன்னு டாக்டரு சீட்டு கொண்டாராட்டி, பேரை எடுத்துருவாங்க.”

எந்த வேலையைக் காப்பாற்றப் பொய் சொன்னாளோ, அந்தப் பொய்யே வேலைக்கு உலை வைத்தது. இல்லாத காமாலைக்கு எந்த டாக்டரிடம் போய்க் குணம் வாங்குவது? சொர்ணம்மாள் மாடிப்படி முழுக்க அழுதுகொண்டே ஏறினாள்.

ஆபீசில் டைப்பிஸ்ட் விஜயலக்ஷ்மி, மாதுங்காவிலிருந்து வருகிறவள், அப்போதுதான் டிபன் டப்பாவைத் திறந்திருந்தாள். தயிர்சாதத்தின் மேல் இரண்டு மாவடு. சொர்ணம்மாள் அழுகையை நிறுத்தினாள். அவள் கை அவளைக் கேட்காமலே நீண்டது. ஒரு மாவடு காணாமல் போயிற்று.

விஜயலக்ஷ்மி அவளை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு பெற்றவள்.

“காமாலைக்காரி மாவடுவை இப்படியா கடிப்பா? எத்தனை மாசம்?”

“நான் சொல்லப்பிடாதுக்கா. எங்க அத்தை வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாவ.”

“சரி, சொல்ல வேண்டாம். விரலைக் காட்டு.”

சொர்ணம்மாள் இரண்டு விரல் காட்டினாள்.

“அசடே! இதுக்காகவா பயந்தே? இப்போ சட்டமே வந்தாச்சு. வருஷத்துல நூத்தறுபது நாள் வேலை செஞ்சிருந்தா, பிரசவத்துக்குப் பன்னண்டு வாரம் சம்பளத்தோட லீவு. வயித்துல குழந்தைன்னு உன்னை நிறுத்திட்டு, அதைக் குடுக்காம தப்பிக்க முடியாது. காமாலைக்குத்தான் அந்தச் சட்டம் கிடையாது!”

“அப்போ சீனியம்மா?”

“ஒரு வரி எழுதிக் குடுக்காம ஊருக்கு ரயிலேறிட்டா. இந்த ஆபீஸ் அவளை ஒரு மாசம் தேடித்து.”

விஜயலக்ஷ்மி பிரசவ லீவு கேட்டுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் டைப் அடித்து, கையெழுத்துக்கு நீட்டினாள். சொர்ணம்மாள் யோசித்துப் பார்த்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் அத்தை சொன்னாள். பெருவிரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை மையில் தொட்டுக் கடிதத்தின் அடியில் அழுத்தமாக உருட்டி வைத்தாள்.

இருவரும் கீழே வந்தார்கள். கடிதம் இங்கிலீஷில் இருந்ததால், என்ன எழுதியிருக்கிறது என்று சலாவுதீன் கேட்டார். இயந்திரச் சத்தத்துக்கு மேலாக விஜயலக்ஷ்மி தமிழில் கத்திச் சொன்னாள். யாரோ இயந்திரத்தை நிறுத்திவிட்டதால் கடைசி வார்த்தை தெரு வரை கேட்டது. “கர்ப்பம்!”

சலாவுதீனுக்குக் காது சிவந்தது. “அல்லாவே! இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. நாளையிலேர்ந்து கோந்துப் பக்கம் போவாத, அட்டைப்பெட்டி மடி.”

சொர்ணம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தவள் அவள்.

பின்வரிசையில் இசக்கியம்மாள் எழுந்தாள். நாலு மாதமாக வாயுக்கோளாறு என்று பெருங்காயம் தின்றுகொண்டிருந்தவள்.

“யக்கா, எனக்கும் அப்படி ஒரு கடுதாசி அடிச்சுத் தாருங்க.”

“ரெண்டா அடிங்கக்கா” என்றாள் ராபியா. அவளுக்கு இதுவரை ரத்தக்கொதிப்பு.

ஜன்னலோரத்தில் இன்னொருத்தியும் மெதுவாக எழுந்தாள். சலாவுதீன் பெட்டிமேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த அறையில நெசமாவே வியாதி உள்ளவ யாராவது இருக்கியளா?”

ஒருத்தியும் கை தூக்கவில்லை.