ஜெயசுதா வெளியேறினார்

உறுவையாறு கிராமத்து ஜெயசுதா செய்தித்தாள் வாங்குவதில்லை. போனில் வருவதைப் படித்துத்தான் பயிர் வேலைகளை முடிவு செய்வாள். போன மார்கழியில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வெள்ள வீடியோ வந்தது. அணையைத் திறந்துவிட்டார்கள் என்று பதறி, முற்றாத நெல்லை அவசரமாக அறுத்துவிட்டாள். வெள்ளம் வரவேயில்லை. வீடியோ பழையது, எந்த ஊரிலோ எடுத்தது. நெல்லில் பாதி பதராகப் போயிற்று.

அதை அனுப்பியவன் அவள் கணவனின் தம்பி விஜயராஜ். நேரே அவன் வீட்டுக்குப் போனாள்.

“நீ அத முழுசா பாத்தியாடா?”

“இல்ல அண்ணி. வந்துச்சு, அனுப்பிட்டேன்.”

“வந்தா அனுப்பிடுவியா? இன்னாடா நெனச்சிக்கினு இருக்க? போனது என் பயிருடா!”

“நல்லதுக்குத்தான் அண்ணி போட்டேன்.”

அவள் போனை எடுத்தாள். அவன் கண்ணெதிரிலேயே குழுவிலிருந்து வெளியேறினாள். வீட்டுக்கு வந்ததும் ஃபேஸ்புக்கில் பின்தொடர்ந்த பக்கங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். வானிலைப் பக்கமும் வேளாண் செய்திப் பக்கமும் மட்டுமே மிஞ்சின. அவற்றிலும் தேதியைப் பார்த்த பிறகே படிக்கிறாள்.

பொங்கலன்று விஜயராஜ் அவளைக் கேட்காமலே மறுபடி குழுவில் சேர்த்துவிட்டான்.

“ஊரே அதுல இருக்குது அண்ணி.”

“இருக்கட்டும். அத்தினி பேருல ஒருத்தராவது அது பொய்யின்னு சொன்னாங்களா?”

அவள் மறுபடியும் வெளியேறினாள்.