கட்டில் காலுக்குள் இருந்தது

எங்கள் அப்பா பழைய இரும்புக் கடையில் வெட்டுக்காரர். லாரியின் அடிச்சட்டம், ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டி, கதவு போன பீரோ என்று எது வந்து இறங்கினாலும் கேஸ் கட்டரைப் பற்றவைத்துத் துண்டு துண்டாக்கி எடைக்குத் தயார் செய்வது அவர் வேலை. வெல்டிங்கும் நன்றாக வரும். அவருடைய சட்டைகளில் தீப்பொறி பட்ட பொத்தல்கள் நிறைய இருக்கும். துவைத்துக் காயப்போடும்போதெல்லாம், இதில் மாவு சலிக்கலாம் என்பாள் அம்மா.

அப்பாவோடு அதே கடையில் நின்றவர் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். இருவரும் முதலில் சிநேகிதர்கள், பிறகுதான் உறவு. வேறு எவனும் இவனுக்குப் பெண் கொடுக்க மாட்டான் என்று பரிதாபப்பட்டுத் தங்கையைக் கொடுத்ததாக மாமா சொல்வார். தலையில் கட்டிவிட்டுப் பேச்சைப் பார் என்பார் அப்பா. நான் என்ன எடைக்குப் போட வந்த பீரோவா என்று அம்மா கரண்டியோடு வந்து நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமா எங்கள் வீட்டில்தான் இருப்பார். அவர் சர்க்கரைக்காரர், அதனால் அவருக்கு மட்டும் தனியாக இனிப்பில்லாத டீ வரும். அதைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பதும், சுளித்ததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் எங்களுக்கு வாராவாரம் நடக்கும் வேடிக்கை.

எல்லாம் ஒரு பீரோவால் கெட்டது.

எவருடையது என்றே தெரியாத சாமான்களை முதலாளி ஏலத்தில் மொத்தமாக எடுத்து வந்திருந்தார். அதில் கனமான இரும்புப் பீரோ ஒன்று. மூடிக் கிடக்கும் இரும்பில் நெருப்பை வைத்தால் சில சமயம் வெடித்துவிடும், அதனால் அப்பா எதையும் தட்டிப் பார்க்காமல் வெட்டமாட்டார். அடித்தட்டைத் தட்டியபோது சத்தம் வேறு மாதிரி இருந்ததாம். உளி வைத்து நெம்பியதும் இரண்டாவது தட்டு ஒன்று தெரிந்தது. அதற்குள் துணி மூட்டை. துணிக்குள் தங்கக் காசுகள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அவர் கையில் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு, மிச்சத்தை எங்கே ஒளித்தீர்கள் என்று போலீஸைக் கூப்பிடக்கூடிய மனிதர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கேரியருக்குள் அது எங்கள் வீட்டுக்கு வந்தது.

பொத்தல் சட்டை போட்ட ஆள் தங்கக் காசை எடுத்துக்கொண்டு நகைக்கடைப் படி ஏறினால் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். அதனால் ஏலச் சாமான் பற்றிய பேச்சு ஆறும்வரை தொடுவதில்லை, பிறகு இந்தக் கடையை விட்டு விலகி இருவர் பெயரிலும் ஜன்னல் கிரில் செய்யும் பட்டறை ஒன்று போடுவது என்று முடிவு செய்தார்கள். அதுவரை எங்கே வைப்பது? அப்பா பூட்டையும் நம்பமாட்டார், பேங்கையும் நம்பமாட்டார். இரும்பைத்தான் நம்புவார்.

எங்கள் வீட்டில் ஒரு இரும்புக் கட்டில் உண்டு, கால்கள் எல்லாம் குழாய். ஒரு கால் வளைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லி அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கடை விடுமுறை நாளில், ஆள் இல்லாத மத்தியானத்தில், காசுகளைக் குலுங்காமல் துணி சுற்றி அதற்குள் அடுக்கினார்கள். வெல்டிங் சூட்டில் துணி கருகாமல் இருக்க இரண்டு முனையிலும் மணலை அடைத்தார்கள். மேல்முனையில் தகடு வைத்து அப்பா மூடினார். கீழ்முனையை மாமா மூடினார்.

அந்த யோசனை மாமாவுடையது. வெல்டிங் வைத்த தழும்பு கையெழுத்து மாதிரி, ஒருவருடையது இன்னொருவருக்கு வராது. அப்பாவின் தழும்பு மெல்லிசாக, வரிசையாக ஓடும். மாமா இடது கைக்காரர். அவருடையது எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து, முடிச்சு முடிச்சாக இருக்கும். இரண்டு பேரும் சேராமல் எவரும் திறக்க முடியாது, திறந்தால் தெரிந்துவிடும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

அதோடு இன்னொன்றும் பேசி வைத்தார்கள். வீட்டுப் பெண்களிடம் மூச்சு விடக்கூடாது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் அம்மா பக்கத்து வீட்டுச் சண்டையிலிருந்து எதிர் வீட்டுப் பெண்ணின் காதல்வரை எத்தனையோ சங்கதிகளை வயிற்றுக்குள் வைத்திருந்தவள். இவர்கள் இரண்டு பேரும்தான் ஒரு சினிமாவுக்குப் போனால்கூட முடிவைத் தெருவுக்கே சொல்பவர்கள். ஆனால் வாயைப் பூட்ட வேண்டியது அவளுக்காம்.

கட்டில் பழைய இடத்துக்கு வந்தது. அதன்மேல் அம்மா படுத்தாள், எழுந்தாள், வெங்காயம் நறுக்கினாள், எனக்குத் தலை வாரிவிட்டாள். மாமா வழக்கம்போல வந்தார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து கொண்டிருந்தவர் இப்போது கட்டிலின் கால்மாட்டில்தான் உட்காருவார், அதுவும் அந்த மூலையில்தான். பேசிக்கொண்டே கால் பெருவிரலால் அடிமுனையைத் தடவிப் பார்ப்பார். முடிச்சுகள் இருக்கின்றன என்று தெரிந்த பிறகுதான் டீயைக் கையில் எடுப்பார். அப்பா அதைக் கவனித்தார். முதலில் சிரித்தாராம். போகப் போகச் சிரிப்பு வரவில்லையாம். தங்கச்சியைப் பார்க்க வந்த ஆள் கட்டில் காலைப் பார்க்க வருகிறானே என்று உள்ளுக்குள் அறுக்க ஆரம்பித்தது. வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் தெருவில் பெயின்ட் அடிக்கிறவர் வந்திருந்தார். எதிர் வீட்டு கேட்டுக்கு அடித்து முடித்தவரை அம்மா உள்ளே கூப்பிட்டாள். துருப்பிடித்த கட்டிலைச் சுரண்டி, கரடுமுரடான இடங்களை மெஷின் வைத்துத் தேய்த்து, மழமழவென்று பச்சை பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நிறம் பிடிக்கவில்லையா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றார் அப்பா. வேறு என்ன சொல்வார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கால்மாட்டில் உட்கார்ந்தார். காலை உள்ளே நீட்டினார். பெருவிரலுக்கு முடிச்சு தட்டுப்படவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது, அவர் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பாவைத் தெருமுனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடந்ததை அப்பா பல வருஷங்களுக்குப் பிறகுதான் எங்களிடம் சொன்னார். திறந்து எடுத்துவிட்டு, அது தெரியாமல் இருக்கத்தானே என் தழும்பைத் தேய்த்தாய் என்றாராம் மாமா. அவள்தான் தேய்க்கச் சொன்னாள், எனக்குத் தெரியாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அடிமுனையில் யாருக்கும் தெரியாமல் கிடக்கிற முடிச்சு அவளை என்ன செய்தது என்று மாமா கேட்டிருக்கிறார். அம்மாவைக் கேட்டால் தெரிந்திருக்கும், ஆனால் கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

கடைசியாக மாமா சொன்னாராம்: "என் தங்கச்சி பேரைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே மாப்பிள்ளை."

அப்பாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. இப்போதே வெட்டி எண்ணிப் பார் என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். திருடன் என்று சொன்னவனே வந்து திறக்கச் சொல்லட்டும் என்று இவர் இருந்துவிட்டார். தப்பு செய்தவன் திறந்து காட்டட்டும் என்று அவர் இருந்துவிட்டார். இவர் தனியாகத் திறந்தால் அதுவே திருட்டுக்குச் சாட்சி ஆகிவிடும். ஆக, தங்கம் பத்திரமாக இருந்தது. அதைவிடப் பத்திரமாக உலகத்தில் எதையும் வைக்க முடியாது.

மாமா இரும்புக் கடையை விட்டுவிட்டு ஒரு கிடங்குக்குக் காவலாளியாகப் போய்விட்டார். எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கு என்ன பேசினோம், என்ன கொடுத்தோம், எதில் அண்ணனுக்கு மனசு நொந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். டீ ஆறிப்போனதால் கோபமோ என்றுகூடக் கேட்டிருக்கிறாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே தலையைத் தாழ்த்திக்கொள்வார். ஒருமுறை என்னைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனாள். அத்தை கதவை முக்கால்வாசி மூடிக்கொண்டு, அவர் வீட்டில் இல்லை என்றாள். வாசலில் மாமாவின் செருப்பு கிடந்தது. அம்மா அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். செருப்பு மடங்கிக் கிடந்ததை நேராகத் திருப்பி வைத்துவிட்டு அம்மா படி இறங்கினாள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அவள் அழவில்லை.

நான் படித்து முடித்து ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். வெட்டி எடுத்தார்கள், மறுபடி வந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய டாக்டர் சொன்ன பிறகு, அந்தப் பச்சைக் கட்டிலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அண்ணனைப் பார்க்க வேண்டும். அப்பா போனார். கிடங்கு வாசலிலேயே மாமா திருப்பி அனுப்பிவிட்டார். தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்பதும் மாப்பிள்ளையின் தந்திரம் என்று நினைத்தாராம்.

அன்று திரும்பி வந்த அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பீரோ, காசு, மணல், இரண்டு தழும்பு, தெருமுனைப் பேச்சு, ஒன்றையும் விடவில்லை. நான் கஞ்சிக் கிண்ணத்தோடு அங்கேயே நின்றேன். அம்மா தங்கம் எவ்வளவு என்று கேட்கவில்லை. ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

"அண்ணன் வரும்போதெல்லாம் பெருவிரலை அந்த இரும்புல தேய்ச்சுக்கிட்டே இருக்கும்," என்றாள். "ஒருநாள் விரல்ல ரத்தக்கீறல் பார்த்தேன். சர்க்கரைக்காரனுக்குக் கால்ல புண்ணு வந்தா ஆறுமா? அதுக்குத்தான் அந்த முடிச்சைத் தேய்க்கச் சொன்னேன்."

அப்பா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

தங்கத்தைப் பற்றி இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், அதைப் பற்றிப் பேச எனக்குப் பிடிக்காது. அம்மா போன பிறகு இருவரும் சேர்ந்து அந்தக் காலை வெட்டினார்கள். வைத்தது வைத்தபடி இருந்தது. நீ வைத்துக்கொள் என்று ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளினார்கள். பட்டறை போடும் பேச்சை எவரும் எடுக்கவில்லை. இப்போது எங்கள் சமையலறை அலமாரியில் ஒரு டப்பாவில் கிடக்கிறது. பூட்டுகூட இல்லை.

அப்பா எல்லாவற்றையும் சொன்ன மறுநாள் காலையில் நானே கிடங்குக்குப் போனேன். மாமா காக்கிச் சட்டையும் கறுப்பு ஷூவுமாக கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார். நான் கெஞ்சவில்லை, எனக்கு அந்த வழக்கம் இல்லை. அம்மா சொன்னதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே சொல்லிவிட்டு நின்றேன். மாமா தன் வலது ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, யாரிடமும் சொல்லாமல், கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு என்னோடு நடந்தார்.

ஆட்டோவில் அவர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். போன வருஷம் அந்தக் கால் பெருவிரலில் புண் வந்து, ஆறாமல் போய், விரலையே எடுத்துவிட்டார்களாம். இந்த வேலைக்கு வந்த பிறகு ஷூ கடித்த புண்.

"உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்மா," என்றார்.

வீட்டுக்குள் ஷூவைக் கழற்றாமலே வந்தார். அப்பா எழுந்து சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். மாமா கால்மாட்டில், பழைய மூலையில் உட்கார்ந்தார். அம்மாவுக்குப் பேச்சு குறைந்துவிட்டிருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் தூக்கி, அவர் காலைத் தேடினாள்.

"கால் எப்படிண்ணே இருக்கு? புண்ணு கிண்ணு ஒண்ணும் வரலையே?"

மாமா காலைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"எப்படிம்மா வரும்? அதுதான் நீ அப்பவே தேய்ச்சு வச்சுட்டியே."

அம்மா சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அவருக்கு இனிப்பில்லாமல் ஒரு டீ போடச் சொல்லி என்னைப் பார்த்தாள்.