பின் சக்கரத்து ஆரஞ்சு டியூப்

எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் அது டியூப் சண்டைதான்.

நானும் என் வீட்டுக்காரரும் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். தூத்துக்குடியில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. மலை இல்லைதான். உப்பளத்து வரப்பும், மணலும், உடைமரம் அடர்ந்த உடங்காடும் இருக்கின்றன. உடைமுள்ளுக்குத் தெரியாத டயர் எங்கள் ஊரில் கிடையாது.

என்னுடையது டியூப்லெஸ். டயருக்குள் டியூபே இருக்காது. சீலண்ட் என்று பால் மாதிரி ஒரு ரப்பர் திரவத்தை ஊற்றிவைத்தால், முள் குத்திய இடத்துக்கு அது ஓடிவந்து உறைந்து அடைத்துவிடும். "டயருக்குள்ள பால ஊத்திக்கிட்டு அலையுதா" என்று அவர் ஊரெல்லாம் சொல்லுவார். அவர் போடுவது எடை குறைந்த புது மாதிரி டியூப். ஆரஞ்சு நிறம், மடித்தால் சட்டைப் பையில் அடங்கிவிடும், கையில் எடுத்தால் கனமே தெரியாது. நான் அதற்கு வைத்த பெயர் திருவிழா பலூன். பலூன் ஓட்டுகிற மனிதரை நானும் ஊரெல்லாம் கேலி செய்துதான் வந்தேன்.

போன வருஷம் புன்னைக்காயலில் என் தங்கச்சி மகனுக்கு ஞானஸ்நானம் வந்தது. பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கிற ஞானத்தாய் நான்தான். பிள்ளை இல்லாத எனக்கு அது சின்ன விஷயம் இல்லை. அந்த நாளுக்காக மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் வீம்பு விடவில்லை. சைக்கிளில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

தங்கச்சி போனில் கத்தினாள். "அக்கா, பத்து மணிக்குச் சாமியார் தொடங்கிருவார். நீ வரலன்னா எங்க நாத்தனாதான் பிள்ளய ஏந்துவா. பொறவு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

விடியும் முன்பே கிளம்பினோம். கட்டிக்கொள்ள வேண்டிய பட்டுச் சேலை அவருடைய முதுகுப் பையில் இருந்தது. உப்பளத்து வரப்பில் ஏறி, உடங்காட்டுக்குள் புகுந்து, பழையகாயல் பக்கம் ரோட்டுக்கு வந்தோம். டயர் இரண்டும் கல் மாதிரி இருந்தன. "பாத்தீங்களா, பால் வேலை செய்யுது" என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

ஆத்தூர் தாண்டி ஒரு டீக்கடை. நேரம் நிறைய இருக்கிறதே என்று வடையும் டீயுமாக உள்ளே உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவர் காலில் முள்ளைப் பார்த்துவிட்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. யார் எவர் என்று கேட்காமல் காலை இழுத்து மடியில் வைத்துப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை. டீக்கடை அண்ணாச்சி இடுப்பில் கடைச் சாவியோடு ஒரு முள்வாங்கியும் தொங்கியதை நான் கவனித்திருக்க வேண்டும்.

வெளியே வந்தால் அண்ணாச்சி என் சைக்கிள் பக்கத்தில் குந்தியிருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"தாயி, பின்னாடி டயர் பூரா முள்ளு. ஒண்ணுவிடாமப் பிடுங்கிட்டேன். இனி சொகமாப் போவலாம்."

பின் சக்கரம் ரிம்மில் படுத்திருந்தது. கோடை முழுக்க மொட்டைமாடியில் நின்ற சைக்கிள். உள்ளே ஊற்றிய பால் எப்போதோ காய்ந்து தோலாகிவிட்டது. அதுவரை காற்றைப் பிடித்து வைத்திருந்தது அந்த முட்கள்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அண்ணாச்சியின் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு யாரைத் திட்டுவது? தங்கச்சி நாத்தனாரின் கையில் பிள்ளை இருப்பது கண்ணுக்குள் வந்து நின்றது.

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு டியூபை எடுத்தார். அவரிடம் இருந்த ஒரே மாற்று டியூப் அது. பலூன் வேண்டுமா என்று கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. டயரின் உட்புறத்தை விரலால் சுற்றித் தடவினார். ஒரு முள் கிடையாது. மிச்சம் ஒன்று இருந்தாலும் அந்த மெல்லிய டியூப் தாங்கியிருக்காது. அண்ணாச்சி அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தார். கைப்பம்பால் காற்றடிக்கும்போது அண்ணாச்சியும் ஒரு கை கொடுத்தார்.

புன்னைக்காயல் ரோட்டில் பறந்தோம். எதிரே வந்த மீன் வண்டிக்கு வழிவிட என் வீட்டுக்காரர் ஓரத்து மணலில் இறங்கினார். அவ்வளவுதான், முள் ஏறி அவருடைய முன் சக்கரத்தில் புஸ்ஸென்று சத்தம். அந்த டியூபுக்கு ஒட்டுப் போட அதற்கென்றே தனிப் பட்டை வேண்டும். அது வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது.

நான் பிரேக் பிடித்தேன்.

"ஏளா, நீ எதுக்கு நிக்க? போ. பிள்ள காத்துக் கெடக்கும். நான் உருட்டிக்கிட்டு வாரேன்."

"வெயில் ஏறுதுங்க..."

"போன்னு சொல்லுதேன்ல!"

போனேன். மாதா கோவில் மணி அடிக்கும்போது வாசலில் இறங்கினேன். சேலை அவருடைய பையிலேயே தங்கிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டு அவளுடைய சேலை ஒன்றைச் சுற்றிவிட்டாள். டயர்க் கறுப்பு அப்பிய கையோடு பிள்ளையை ஏந்தினேன். தலையில் தண்ணீர் விழுந்ததும் அவன் வீறிட்டான். நானும் அழுதேன். பாதி அவனுக்காக, பாதி ரோட்டில் சைக்கிள் உருட்டுகிற மனிதருக்காக.

பந்தியில் பிரியாணி பரிமாறும்போது அவர் வந்து சேர்ந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முதுகில் பை. பிள்ளையைக் கேட்கவில்லை, பிரியாணியைக் கேட்கவில்லை.

"டியூப் நின்னுச்சா?" என்றார்.

"நின்னுச்சுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் விட்டுக்கொடுத்த முதல் வார்த்தை அது. அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! பையைத் திறந்து பட்டுச் சேலையை உருவி அவர் முகத்து வியர்வையைத் துடைத்தேன். "பட்டு பாழாப் போவுது அக்கா" என்று தங்கச்சி பந்தியிலிருந்தே கத்தினாள். போகட்டும் என்று கழுத்தையும் சேர்த்துத் துடைத்தேன்.