வேலியோரத்தில் நின்று பார்த்த ஆங்கிலேய மாளிகை

இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள பழைய நாட்டுப்புற மாளிகைகளைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவி மைதிலியின் நீண்ட நாள் ஆசை. கட்டட வரைபடம் வரைவது அவளுடைய வேலை. நான் ஓய்வு பெற்றதும் போகலாம் என்று இருந்தோம். போன வசந்தத்தில், குளுக்கோமா அவளுடைய பார்வையின் ஓரங்களை அழித்துவிட்டது என்று தெரியவந்தது. குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிச்சம். போனது திரும்பி வராது, மிச்சத்தைக் கொஞ்சக் காலம் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் வைத்தியர். நவம்பரில் ஒப்பரேஷன். இங்கிலாந்துக்கு நேரமில்லை. ஆகவே ஒக்டோபரில், ரொறன்ரோவுக்கு வடமேற்கே இருக்கும் ஒரு மாளிகைக்குப் போனோம். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வியாபாரி, ஊரில் பார்த்த வீடுகளைப் போலவே ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன் கட்டுவித்தது. இப்போது ஹோட்டல்.

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் இருக்கும் எங்கள் அப்பார்ட்மென்டிலிருந்து 78 கிலோமீற்றர். 401 நெடுஞ்சாலையில் மேற்கே போய், 400இல் வடக்கே ஏறி, பிறகு பண்ணை வீதிகள். ஞாயிறு காலை என்றபடியால் ஒன்றேகால் மணித்தியாலம்தான் பிடித்தது. பஸ் கிடையாது, கார் வேண்டும். அறை வாடகை 289 டொலர், வரி தனி. பார்க்கிங் இலவசம்.

வரவேற்பில் இருந்த பிள்ளை எங்கள் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசினாள். ரொறன்ரோவுக்குக் கிழக்கே, அஜக்ஸில் வளர்ந்தவளாம்.

“அங்கிள், ரூம் நாலு மணிக்குத்தான் ரெடி. பட் பெரிய ஹோல்ல ஈவினிங் ஒரு வெடிங் இருக்கு. ஸோ அதை இப்பவே பாருங்கோ.”

அந்த மண்டபத்துக்காகவே போகலாம். சுவர் பாதி உயரத்துக்குக் கருத்துப்போன ஓக் பலகை. ஒரு ஆள் உள்ளே நிற்கக்கூடிய, குளிர்காயும் கல் அடுப்பு. மேலே வெண்சாந்தில் கொடியும் பூவுமாக வார்த்த கூரை. மைதிலி கழுத்தை நிமிர்த்தி, இருட்டில் டோர்ச் அடிப்பவள்போல அங்கும் இங்கும் தேடினாள்.

“ஒரு பூ தெரியுது. அங்கால என்ன?”

“வடிவா இருக்கு,” என்றேன்.

“வடிவு எண்டால் எனக்கு என்ன விளங்கும்?” என்று சினந்தாள். “கொடி நடுவுக்கு வருதோ, சுவருக்குப் போகுதோ?”

நான் லொறிக் கொம்பனியில் கணக்கு எழுதுபவன். கூரையை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. நின்று பார்த்தேன்.

“நாலு மூலையில இருந்தும் நடுவுக்கு வருது. ஒரு இடத்தில தண்ணிக் குழாய் ஒண்டு பூவை வெட்டிக்கொண்டு போகுது.”

“அது நெருப்பு அணைக்கிற ஸ்பிரிங்க்ளர். ஹோட்டல் எண்டால் போடத்தானே வேணும்,” என்றாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மாடியையும் பார்க்கலாமென்று படியேறும்போது கைப்பிடித் தூணில் செதுக்கியிருந்த மாதுளம்பழத்தைத் தடவியபடி நெடுநேரம் நின்றாள். பின்னால் வந்தவர்களுக்கு நான் மன்னிப்புக் கேட்டு வழிவிட்டேன்.

வெளியே வந்தோம். வாசலுக்கு முன்னால் அவளுக்கு ஒரு ஜன்னல்தான் தெரிந்தது. முகப்பு முழுவதும் தெரிய வேண்டும் என்று பின்னோக்கி நடக்கத் தொடங்கினாள். நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். கார் பாதையைத் தாண்டி, புல்வெளியைத் தாண்டி, வேலி வரைக்கும் போய்விட்டோம்.

“ஓம், இப்ப முழுக்க வருது,” என்றாள். இரண்டு முக்கோணக் கூரை முகப்புகள், உயர்ந்த புகைபோக்கிகள், எல்லாம் அவளுடைய வட்டத்துக்குள் வந்துவிட்டன. “ஆனால் சரியாச் சின்னனாப் போச்சு. கல்லும் தெரியேல்லை, கண்ணாடியும் தெரியேல்லை.”

“நீர் இதில நில்லும். நான் கிட்டப் போய்ச் சொல்லுறன்.”

போனில் அவளை அழைத்து, பேசிக்கொண்டே போனேன். ஜன்னலைக் கல் தூண்கள் நாலாகப் பிரிக்கின்றன என்றேன். கண்ணாடி ஈயப் பட்டைக்குள் சாய்சதுரத் துண்டுகளாக இருக்கிறது, ஒன்று மட்டும் புதுசு, நிறம் மாறி நிற்கிறது என்றேன். சுவரில் மரச் சட்டங்களுக்கு நடுவில் செங்கல்லை மீன்முள்ளுப்போலச் சரித்து அடுக்கியிருக்கிறார்கள் என்றேன். “புகைபோக்கி?” என்று கேட்டாள். ஒன்று முறுக்கிய கயிறு மாதிரி, மற்றது தேன்கூடு மாதிரி.

“இப்ப வாசலடியில போய் நில்லுங்கோ.”

“ஏன்?”

“சும்மா நில்லுங்கோவன். வீட்டோட உங்களையும் பாக்கவேணும்.”

நின்றேன். கல்யாணத்துக்குப் பூ கொண்டுவந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். போனில் மூச்சு மட்டும் கேட்டது.

“அழுறீரோ?”

“ஓம். நீங்கள் அசையாதேங்கோ.”

ஒப்பரேஷன் முடிந்தும் வட்டம் இன்னும் ஒடுங்கியது. ஜனவரியில் வேலையை விட்டாள். இங்கிலாந்துப் பேச்சை இப்போது நாங்கள் இருவரும் எடுப்பதில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சனி, ஞாயிறில் கல்யாணம் இருக்கும், முதலே கேட்டுவிட்டுப் போங்கள். முன்பு வேலைக்காரர்கள் இருந்த பக்கத்து அறைகள் சின்னவை, கூரை தாழ்வு, ஆனால் வாடகை குறைவு. நாங்கள் இருந்தது அங்கேதான். சாப்பாடு விலை கூட, வழியில் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. முகப்பில் காலை வெயில் விழும், பின்னேரம் நிழல்.

இந்தப் பதிவில் படம் இல்லாததற்கு மன்னியுங்கள். அந்த வீட்டின் முன்னால் நின்ற நேரமெல்லாம் என் போனில் அவள் இருந்தாள்.