பூச்சியத் தண்ணீரில் ஆறு மீன்கள்

மருத்துவமனையில் அவருக்குப் பெயர் மீட்டர். டயாலிசிஸ் பிரிவில் தண்ணீர் அவர் பொறுப்பு. காலையில் முதல் நோயாளி நாற்காலியில் சாய்வதற்கு முன், சுத்திகரித்த தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. அந்தப் பழக்கம் முற்றிப்போய், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் பேனா போன்ற மீட்டர் ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். கேன்டீன் டம்ளர், வாசலில் தேங்கிய மழைநீர் என்று எதிலும் முக்கிப் பார்ப்பார். ஒருமுறை மாமியார் கொடுத்த டம்ளரிலும் முக்கினார். அன்று முதல் மாமியார் அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பதில்லை. "பானை அங்க இருக்கு மாப்பிள்ளை" என்று கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இப்படிப்பட்டவர் வளர்த்த தட்டு வடிவ டிஸ்கஸ் மீன் குஞ்சுகள் ஆறும் மூன்றே வாரத்தில் செத்து மிதந்தன. தின்றது போக மிஞ்சிய தீனி தொட்டியின் அடியில் அழுகியதுதான் காரணம். அவரோ பழியைக் குழாய்த் தண்ணீரின் மேல் போட்டார். தன்னைத் தவிர வேறு யார் மேலாவது போட வேண்டுமே!

இரண்டாவது தடவையாக ஆறு குஞ்சுகளைப் பையில் கட்டிக்கொண்டு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள். அவள் தையல்காரி. தையல் மெஷினைப் படுக்கையறைக்குள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே செருகி வைத்து, பக்கவாட்டில் நுழைந்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். கூடத்து ஜன்னலோரத்தில் தொட்டி இருந்தது.

"ரெண்டு மாசம் டைம் தரேன். இந்த ஆறுல ஒண்ணு செத்தாலும் தொட்டி வெளிய, அந்த ஜன்னலோரத்துல என் மெஷின். சரியா?"

"இந்தத் தடவை பாரு. நோயாளிங்களுக்குக் குடுக்கிற மாதிரி தண்ணி குடுக்கப் போறேன்."

"அய்யோ பாவம் மீனு" என்றாள் அவள்.

சமையலறைச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பிடித்துத் தொட்டியை நிரப்பினார். மீட்டரை முக்கினார். பூச்சியம் காட்டியது. பரீட்சையில் நூறு வாங்கியவர் போல மனைவிக்குக் காட்டினார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. தொட்டியின் அடியில் மணல் போடவில்லை, அழுக்கு ஒளிய இடம் கூடாது என்பதால். ஹீட்டரை முப்பது டிகிரியில் நிறுத்தினார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை தீனி. அவர் வேலைக்குப் போனபின் நடுவில் மூன்று வேளை மனைவி போட்டாள். மிச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைத் தினமும் மாற்றினார். மாற்றும் தண்ணீரும் அதே சூடு, அதே பூச்சியம்.

பத்தாம் நாள் மீன்கள் கறுத்தன. துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஹீட்டருக்குப் பின்னால் கூடி நின்றன. ஆறில் சிறியது, மனைவி 'பொத்தான்' என்று கூப்பிடுவது, தீனியை வாயில் வாங்கித் துப்பியது. மீட்டர் கருவியை முக்கினார். பூச்சியம். இன்னும் சுத்தம் போதவில்லை என்று முடிவு செய்து, பாதித் தண்ணீரை மாற்ற ஆரம்பித்தார். பொத்தான் ஒருக்களித்துச் சாய்ந்தது.

"கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மனைவி. "பொத்தான் மூச்சு வாங்குது. எனக்குப் பாக்க முடியல."

"தண்ணியப் பத்தி நான் போய் ஒருத்தர்கிட்ட கேக்கணுமா?"

"ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. போய்க் கேளுங்க."

போனார். மீன் கடைக்காரர் தொட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "தண்ணி எப்படி சார்?"

"சுத்தம். மீட்டர்ல பூச்சியம்."

கடைக்காரர் தேய்ப்பதை நிறுத்தினார். "ஒண்ணுமே இல்லாத தண்ணியா? வளர்ற குஞ்சுக்கு அதுல என்ன சார் இருக்கு? உப்புச் சத்து இல்லாத தண்ணி நிலைச்சு நிக்காது, ரெண்டு நாள்ல புளிச்சுடும். குழாய்த் தண்ணிய ஒரு நாள் காத்தடிக்க விட்டு, குளோரின் போனப்புறம் ஊத்துங்க. ஒரேயடியா மாத்தாதீங்க, தினம் கொஞ்சம் கொஞ்சமா." பிறகு சந்தேகத்தோடு பார்த்தார். "நீங்க எங்க சார் வேலை பாக்குறீங்க?"

"துணிக் கடையில" என்றார் மீட்டர்.

மறுநாள் காலை வேலையில், வழக்கம்போல் சுத்திகரித்த தண்ணீரோடு சேர்க்கும் உப்புக் கரைசல் கேன்களை மெஷின்களில் பொருத்திக்கொண்டிருந்தார். அந்த உப்பு சேராத வெறும் தண்ணீர் ரத்தத்தின் பக்கம் போனால் ஆளே போய்விடும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இதை முதல் பாடமாகச் சொல்பவர் அவர்தான். மூன்றாவது கேனில் கை நின்றது. தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னாச்சுண்ணே?" என்றாள் நர்ஸ்.

"ஒண்ணுமில்லம்மா. வீட்டுல ஆறு பேருக்கு வெறும் தண்ணிய ஏத்திட்டேன்."

நர்ஸ் பதறியதைப் பார்த்து, மீன் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. மதியத்துக்குள் மருத்துவமனை முழுக்கச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். மற்றவர்களைவிடச் சற்றுச் சத்தமாகவே சிரித்தார், விஷயம் முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே.

தினம் ஒரு வாளியாகக் குழாய்த் தண்ணீர் சேர்ந்தது. ஆறாம் நாள் மீன்களின் நிறம் திரும்பியது. ஒன்பதாம் நாள் பொத்தான் தீனியைத் துப்பாமல் விழுங்கியது. மனைவி தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு ஓடிவந்து பார்த்தாள். அவர் கருவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசை இழுப்பறையில் போட்டார்.

இரண்டு மாதம் முடிந்த அன்று அவள் தையல் டேப்பைக் கண்ணாடி மேல் வைத்து ஒவ்வொன்றாக அளந்தாள். ஐந்து மீன்கள் உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தன. பொத்தான் மட்டும் வந்த அளவிலேயே நின்றுவிட்டது. உடம்பு வளராமல் கண் மட்டும் பெரிதாகி, எப்போதும் அவரையே பார்ப்பது போலிருந்தது.

"ஒண்ணும் சாகல. ஜெயிச்சுட்டீங்க" என்றாள். முகம் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

"பொத்தான் இனிமே வளராதாம். வளர வேண்டிய நேரத்துல நான் சுத்தம் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் வாளிகளை எடுத்து வந்து மீன்களை மாற்றினார், தொட்டியை இறைத்தார். தையல் மெஷினைத் தானே தூக்கி வந்து ஜன்னலோரத்தில் வைத்தார். தொட்டி படுக்கையறைக்குப் போனது. அதற்குத் தாங்கு மேசையோடு இடம் வேண்டியிருந்ததால் கட்டிலைச் சுவரோடு தள்ளியும் போதவில்லை. இரட்டைக் கட்டிலின் ஒரு பாதியை, அதாவது அவர் பாதியை, கழற்ற வேண்டியதாயிற்று.

இப்போது மீட்டர் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார். காலையில் கண் திறந்ததும் எதிரே கண்ணாடியில் பொத்தானின் பெரிய கண்.

"இருடா, இருடா" என்று எழுந்து தீனி டப்பாவைத் தேடுகிறார். கூடத்திலிருந்து மெஷின் ஓடும் சத்தத்தின் நடுவே மனைவியின் குரல் வருகிறது.

"நான் அப்பவே போட்டாச்சு. மிஞ்சினா அழுகும். பேசாம படுங்க."