மும்முனையும் மூன்று ஓட்டையும்

எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்தது எழுபத்தெட்டாம் ஆண்டு ஆனி மாதம். அக்கா வீட்டுக்கு மோட்டார் வந்தது எண்பத்திரண்டு ஐப்பசி. இந்த இரண்டு மாதங்களும் எனக்குத் தவறாது. மலையில் ஒரு கிளை அஞ்சலகத்தில் தினமும் முத்திரையில் தேதி மாற்றுகிற வேலை என்னுடையது.

கரண்ட் என்றால் ஆலங்காயம் பக்கத்திலிருந்து காட்டு வழியாக ஏறி வந்த இரண்டே கம்பிகள். ஒன்றில் மின்சாரம் வரும், இன்னொன்று அது திரும்பிப் போகும் வழி. மலையேறி வருவதற்குள் பாதி வலு போய்விடும். மாலையில் எல்லா வீட்டிலும் சுவிட்சைப் போட்டால் குண்டு பல்பு எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்துவிடும். ஆனாலும் அது விளக்கு. யாரும் குறை சொல்லவில்லை.

அக்காவுக்கு வேண்டியிருந்தது விளக்கு அல்ல. ஒவ்வொரு கார்த்திகையிலும் சாமை அறுப்பு முடிந்ததும் மேஸ்திரியின் ஜீப் வந்து, குடகுக் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும். மாமாவும் போவார். முதல் இரண்டு முறை மாசியில் திரும்பினார். அடுத்த முறை சித்திரை ஆயிற்று. எண்பத்தொன்றில் போனவர் ஆடி பிறந்த பிறகுதான் வந்தார். விதைப்பை அக்கா தனியாகவே முடித்திருந்தாள். அங்கே வேறொருத்தி இருக்கிறாள் என்று ஊரில் பேச்சு. அக்கா அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "இந்தக் கார்த்திகைக்கு அவர மலைய வுட்டு எறங்க வுட மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு அவள் கண்ட வழி சாமை குத்தும் மிஷின். சுற்றுவட்டாரத்தில் ஒன்றுகூடக் கிடையாது; எல்லா வீட்டிலும் பெண்கள் உரலில்தான் குத்தினார்கள். மாட்டுக் கொட்டகையில் மிஷின் ஓடினால் நாலு ஊர்ச் சாமையும் வாசலுக்கு வரும், அதை ஓட்டிக்கொண்டு மாமா வீட்டோடு இருப்பார் என்பது அவள் கணக்கு. மாமாவுக்கும் ஆசை பற்றிக்கொண்டது. ஏர்மாட்டை விற்றுவிட்டு வாணியம்பாடிக்கு இறங்கினார். அங்கே பழைய இயந்திரங்கள் விற்கும் பாய் ஒருவர் இருந்தார்.

மோட்டார் உட்கார அடிக்கல் வேண்டுமே. அக்காவின் உரலைக் கொட்டகைத் தரையில் கழுத்தளவு புதைத்து, அதன் குழியில் நான்கு போல்ட்டுகளை நிறுத்திச் சிமெண்டை ஊற்றினார் மாமா. "இனிமே இன்னாத்துக்கு உனுக்கு உரலு?" என்றார். அக்கா சிரித்ததை நான் பார்த்தேன்.

ஜீப்பிலிருந்து மிஷினையும் மோட்டாரையும் இறக்கியபோது ஊரே கூடியிருந்தது. யாரோ மோட்டாருக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மாலையை விலக்கி அதன் தகட்டைப் படித்தேன். அறிவியல் புத்தகங்கள் படித்த பழக்கத்தில் எனக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது.

"மாமா, இது மும்முனை மோட்டாரு. நம்ம லைன்ல ஓடாது."

"பாயும் அதத்தான் மச்சான் கேட்டாரு. மூணு முனை கீதா உங்க ஊர்லன்னாரு. கீதுன்னு சொல்ட்டுத்தான் எடுத்தாந்தேன்."

"எங்க கீது?"

என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்ச் சுவரில் பிளக் சொருகும் இடத்தைக் காட்டினார். "இன்னா இது? ஒண்ணு, ரெண்டு, மூணு. லைட்டு போட வந்த ஒயர்மேனே மூணு முனைன்னு சொன்னான். படிச்சவன்தான நீ, எண்ணிப் பாரு."

கூட்டம் சிரித்தது. "தபால்காரருக்கு ஸ்டாம்புதான் எண்ண வரும், ஓட்டை எண்ண வராது" என்றான் ஒருவன்.

"அந்த மூணு வேற மாமா. இதுக்குக் கரண்ட் வர்ற கம்பி மூணு, திரும்பற கம்பி ஒண்ணு வேணும். கம்பத்துல எண்ணணும், செவுத்துல இல்ல."

வாசலுக்கு வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். இரண்டு கம்பிகள். ஒன்றின்மேல் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருந்தது. அவர் பார்வை கீழே இறங்க வெகு நேரமாயிற்று.

மறுநாள் மாமா மீண்டும் வாணியம்பாடிக்கு இறங்கினார். பாய் நல்ல மனிதர். மாற்றிக் கொடுக்கத் தயங்கவில்லை. ஆனால் ஒருமுனையில் ஓடக்கூடிய சின்ன மோட்டார் அந்த மிஷினை இழுக்காது, இழுத்தாலும் நம் ஊர் வோல்டேஜுக்குக் கிளம்பவே கிளம்பாது என்று சொல்லி அனுப்பினார். அடிவாரத்து மின்சார அலுவலகத்துக்கு நான் கூடப் போனேன். அங்கே இருந்தவர் மனுவை வாங்கிக்கொண்டு, "ஒரு வூட்டுக்காவ மலை மேல ரெண்டு கம்பி இழுக்க முடியுமா சார்? ஊரு மொத்தத்துக்கும் வரும், அப்ப பாக்கலாம்" என்றார். எப்போது என்று கேட்டேன். மின்விசிறியைப் பார்த்தபடி, "வரும்" என்றார்.

கார்த்திகை பிறந்தது. மேஸ்திரி வந்துபோய் ஆள் குறித்துக்கொண்டார். ஆலங்காயத்து ரைஸ்மில்லில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டர் ஒருவர், சக்கரத்தில் கயிறு சுற்றி இழுத்துவிட்டால் மும்முனை மோட்டார் ஒருமுனையிலும் ஓடும் என்று மாமாவிடம் சொல்லியிருந்தார். ஓடும், ஆனால் பாரம் தாங்காது, சூடேறிவிடும் என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஓடும்ன்றியா, ஓடாதுன்றியா? ஒண்ணு சொல்லு."

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் நின்ற இடத்திலேயே முனகியது. மாமா கயிற்றைச் சுற்றி இழுத்தார். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பெல்ட் ஓடியது, கொட்டகை அதிர்ந்தது. அக்கா முறத்திலிருந்த சாமையை மிஷினில் கொட்டினாள். கீழே உமியும் அரிசியுமாக ஒரு கைப்பிடி விழுந்தது. அதை அள்ளி ஊதினாள். உள்ளங்கையில் வெள்ளையாக அரிசி நின்றது. "பாருங்க, பாருங்க" என்று மாமாவிடம் நீட்டினாள்.

அதற்குள் சத்தம் கனத்துக் கீழே இறங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல்: "யோவ், எங்க வூட்டு பல்பு பீடி நெருப்பாட்டம் ஆயிட்ச்சி! மிசின நிறுத்துய்யா!" மாமா நிறுத்தவில்லை. "இன்னும் கொஞ்சம் போடு" என்றார் அக்காவிடம். அவளும் போட்டாள். வார்னிஷ் எரிகிற வாடை வந்தது, பிறகு புகை. நான் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன். உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பி கருகிப்போயிருந்தது. மாமா கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

மேஸ்திரியின் ஜீப் வந்த காலையில் எரிந்த மோட்டாரும் அதிலேயே ஏறியது. வழியில் பாயிடம் பழைய செம்பு விலைக்குப் போடுவதாக மாமா சொன்னார். "மாசிக்கு வந்துர்றேன்" என்றார். அக்கா தலையாட்டினாள்.

மாசியில் ஒரு மணியார்டர் வந்தது. ஆடியில் ஒன்று. அடுத்த தை மாதம் வந்ததுதான் கடைசி. அதன் முத்திரை எண்ணெய்க் கறையில் மங்கியிருந்தது. அதற்குப் பிறகு தபால் பை அவிழ்க்கும் நேரத்துக்கு அக்கா அஞ்சலகப் பக்கம் வருவதை விட்டுவிட்டாள்.

எண்பத்தேழு பங்குனியில் மற்ற இரண்டு கம்பிகளும் வந்தன. ஊராட்சித் தண்ணீர் மோட்டாருக்காக இழுத்தார்கள். அக்கா வீட்டு வாசலைத் தாண்டித்தான் போயின. லைன்மேன் படலைத் திறந்துகொண்டு வந்தார்.

"மும்முனை கேட்டு எழுதிக் குடுத்தீங்களாமே. வேணுமாம்மா?"

"லைட்டு எரியுது, அது போதும்" என்றாள் அக்கா. பிறகு, "உங்க ஆளுங்ககிட்ட உளி இருந்தா இத்த கொஞ்சம் பேத்துக் குடுக்கறீங்களா?" என்று கொட்டகையில் புதைந்திருந்த உரலைக் காட்டினாள். நாலரை ஆண்டுகளாக அவள் சாமையைச் சுமந்துகொண்டு பக்கத்து வீட்டு உரலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

கம்பம் நட வந்த ஆள் குனிந்து, துருவேறிய போல்ட்டுகளைச் சுற்றி இரண்டு தட்டு தட்டிப் பார்த்தான்.

"சிமிட்டி கல்லோட கல்லா பூட்ச்சிமா. அடிச்சா உரலே பொளந்துடும்."

"அப்ப வுடுப்பா" என்றாள். உலக்கையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.